சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்



அமெரிக்க தேசத்தில் கறுப்பு மக்கள் சம உரிமைக்காக நடத்திய போராட்டத்தைப் பற்றி நம் பத்திரிகையில் ஒரு பாடம் வரவேண்டும் என்பது அங்கத்தினர்கள் சிலரின் விருப்பம். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரைக் கேள்விப்படாதவர் நம்மில் இல்லை. மால்கம் எக்ஸ் 1964ஆம் ஆண்டில் ஹஜ்ஜுக்குச் சென்று வந்த வரலாற்றை நம்மவர்களின் ஏடுகள் பலமுறை எழுதிவிட்டன. அவற்றையே மறுபடியும் எழுதி உங்கள் நேரத்தைப் போக்க எனக்கு மனமில்லை. மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். தூரதேசத்துச் சரித்திரமானாலும் நம் கடைவாசலில் நின்று பார்த்தால்தான் எனக்கு விளங்குகிறது.

அப்படி நின்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அமெரிக்கா அல்ல, கிள்ளான். மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பு மக்கள் பஸ்ஸில் ஏற மறுத்த காலத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் முன்னரே, 1941ஆம் ஆண்டில், கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பால் மரம் சீவிய தமிழ்த் தொழிலாளிகள் ஒரு கோரிக்கைப் பட்டியலை நிர்வாகங்களின் முன் வைத்தார்கள். அந்தப் பட்டியலில் சம்பளம் இருந்தது, ஆஸ்பத்திரி இருந்தது, பிள்ளைகளின் படிப்பு இருந்தது. அவற்றோடு, படித்தவுடன் சிலருக்குச் சிரிப்பை வரவழைக்கக்கூடிய ஒரு வரியும் இருந்தது. துரைக்கும் கிராணிக்கும் முன்னால் தொழிலாளி சைக்கிளில் ஏறிப் போக அனுமதி வேண்டும் என்பதே அந்த வரி.

இது விளங்க வேண்டுமானால் அக்காலத்துத் தோட்டத்தைச் சற்று நினைவுக்குக் கொண்டுவர வேண்டும். இந்நாட்டில் ரப்பர் வியாபாரப் பயிராக முதலில் வேரூன்றியது நம் மலாக்காவிலேதான். டான் சே யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டுப் பார்த்து, பிறகு ஜாசினை அடுத்த புக்கிட் அசஹானில் பெருந்தோட்டமாக விரிவாக்கினார். அதன்பின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் வந்தன. கங்காணிகள் கப்பல் கப்பலாய் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். தோட்டம் என்பது தனியார் நிலம். வெளியார் உள்ளே வரத் துரையின் தயவு வேண்டும். தொழிலாளியின் வீடு, தண்ணீர், பள்ளிக்கூடம், மருந்து, கள்ளுக்கடை யாவும் அந்த ஒரே வேலிக்குள் அடக்கம். வேலை போனால் அன்றைக்கே வீடும் போயிற்று.

சம்பளக் கணக்கையும் பாருங்கள். ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது அந்நாளைய அளவு. 1936ஆம் ஆண்டுக் கடைசியில் சீனிவாச சாஸ்திரியார் இந்தியாவிலிருந்து வந்து தோட்டங்களைப் பார்த்து அறிக்கை எழுதினார். ஆனால் 1938இல் ரப்பர் விலை சரிந்ததென்று காரணம் காட்டி அதை 45, 35 காசாகக் குறைத்தார்கள். அதைக் கண்டு இந்திய சர்க்கார் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கூலியாட்களை இங்கே அனுப்புவதை அடியோடு நிறுத்தியது. சீனத் தொழிலாளிக்கோ அதே மரத்துக்கு, அதே கத்திக்கு, இதைவிடக் கூடுதலான கூலி. தோட்ட முதலாளிகளில் பெரும்பாலோர் ஒரே சங்கத்தில் இருந்தமையால் சிலாங்கூரில் ஒரு சம்பளம், மலாக்காவில் வேறு சம்பளம் என்று ஓடிப்போய் வேலை தேடவும் வழியில்லை.

இனி அந்தச் சைக்கிள் விஷயத்துக்கு வருவோம். தோட்டச் சாலையில் தொழிலாளி சைக்கிளில் வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிரே துரை வந்தாலும், கிராணி வந்தாலும் அவன் இறங்கிச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓரமாய் நிற்க வேண்டும். அவர்கள் கடந்து போனபின் ஏறிக்கொள்ளலாம். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் தேடிக் காணக்கூடியதல்ல. தோட்டத்து வழக்கம், அவ்வளவுதான். மீறினால் அடுத்த நாள் பெயர்ப் பதிவில் என்ன நடக்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்னரே வீட்டில் கேட்டவன். என் பாட்டனார் யுத்தத்துக்கு முன் ஜாசின் பக்கத்துத் தோட்டங்களில் சைக்கிளின் பின்னால் துணி மூட்டை கட்டி வியாபாரம் செய்தவர். அவரும் இறங்குவாராம். அவர் துரையிடம் கூலி வாங்குகிறவர் அல்லர். ஆனாலும் லயத்துக்குள் ஐம்பது அறுபது வீடுகளில் அவருக்குக் கடன் நிலுவை இருந்தது. இறங்காவிட்டால் வாசலிலேயே காவல்காரன் மறித்துவிடுவான், கொடுத்த துணியெல்லாம் கணக்கில் மட்டும் இருக்கும். "இறங்கினால் கால் ஒன்றும் தேய்ந்துவிடாது, இறங்காவிட்டால் முதல் தேய்ந்துவிடும்" என்று சொல்லுவாராம். அத்தா இதைச் சொல்லிவிட்டு எப்போதும் சிரிப்பார். எனக்கு இது சிரிப்புக்குரிய பேச்சாகப் பட்டதில்லை. வியாபாரி தன் கணக்கைப் பார்த்தான், அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதே சாலையில், வியாபாரியைவிட இழப்பதற்கு அதிகம் உள்ளவன், வீட்டையும் சோற்றையும் சேர்த்து இழக்கக்கூடியவன், இறங்கமாட்டேன் என்று சொன்னான் அல்லவா? அங்கேதான் நம் பாடம் தொடங்குகிறது.

கிள்ளானில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்த ஆர். எச். நாதன் என்பவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தில் முன்னணியில் நின்றார். 1941 ஆரம்பத்தில் தோட்டந்தோறும் வேலை நிறுத்தங்கள் நடந்தன. சம்பளத்தில் சில காசு கூட்டிக் கொடுக்க நிர்வாகங்கள் இசைந்தன. அத்தோடு விஷயம் அடங்கிவிடும் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். அடங்கவில்லை. சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி வேண்டும். முரட்டு நிர்வாகிகளையும் கிராணிகளையும் மாற்றித் தமிழ் தெரிந்தவர்களை வைக்க வேண்டும். பெண்களிடம் முறைகேடாய் நடப்பது நிற்க வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை ஒழிய வேண்டும். உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும். பேசவும் கூடவும் சங்கம் அமைக்கவும் சுதந்திரம் வேண்டும். குறையைச் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. சைக்கிள் கோரிக்கையும் இவற்றோடு இருந்தது.

மே மாத ஆரம்பத்தில் சர்க்கார் நாதனைக் கைது செய்தது. பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தியது. அவரை விடுவிக்கக் கோரி ஏறக்குறைய 20,000 பேர் வேலையை நிறுத்தினார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். சிலாங்கூரில் அவசர நிலை பிரகடனமாயிற்று. போலீசுக்குத் துணையாய்ப் படை வந்தது, துப்பாக்கி வெடித்தது. தொழிலாளிகள் ஐந்து பேர் மாண்டனர். நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர், பலரைக் கப்பலேற்றிவிட்டார்கள். அக்கிளர்ச்சி அவ்விதமாய் முடிந்தது. ஏழு மாதம் கழித்து யுத்தம் வந்துவிட்டது. 1942 ஜனவரியில் மலாக்காவும் ஜப்பானியர் வசமாயிற்று. அதன்பின் சயாம் ரயில் பாதையும், பஞ்சமும், சாவும். அது வேறு பாடம்.

கூலியைக் கூட்டுவதில் துரைக்கு நஷ்டம் உண்டு. சைக்கிளில் போகவிடுவதில் ஒரு காசும் நஷ்டமில்லை. ஆயினும் காசில்லாத இந்தக் கோரிக்கைதான் அவர்களுக்கு மிகவும் கசந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். கூலி கூட்டினாலும் மேலே இருப்பவன் மேலே, கீழே இருப்பவன் கீழே. சைக்கிளை விட்டு இறங்காத மனிதனோ எதிரே வருகிறவரின் கண்ணுக்கு நேராகத் தன் கண்ணை வைத்துக்கொண்டு போகிறான். அந்நாளில் தொழிலாளி தன் சேமிப்பில் வாங்கக்கூடிய பெரிய சொத்தே அந்தச் சைக்கிள்தான் என்பதையும் மறக்கக்கூடாது.

அமெரிக்கப் போராட்டத்தைப் படித்தபோது என்னை நிறுத்தி வைத்ததும் இதே மாதிரியான சிறு விஷயங்களே. 1955 டிசம்பர் முதல் தேதி மாண்ட்கோமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற பெண்மணி பஸ்ஸில் தம் இடத்தை வெள்ளையருக்கு விட்டுக்கொடுக்க மறுத்துக் கைதானார். ஐந்தாம் தேதி முதல் கறுப்பு மக்கள் பஸ் ஏறவில்லை. அவர்கள் முதலில் கேட்டது என்ன தெரியுமா? தனி இருக்கை முறையையே எடுத்துவிட வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. பஸ்காரர்கள் மரியாதையாய்ப் பேச வேண்டும், முதலில் வந்தவர் முதலில் உட்கார வேண்டும், கறுப்பர் அதிகம் வசிக்கும் தடங்களில் கறுப்பு ஓட்டுநர்களை வைக்க வேண்டும், இவ்வளவே. அதையும் மறுத்ததனால் 381 நாள் நடந்தார்கள். கறுப்பு டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான பத்துக் காசுக்கே ஆளேற்றினார்கள். டாக்சிக்குக் குறைந்தபட்சம் நாற்பத்தைந்து காசு வாங்கியே தீரவேண்டும் என்று நகர நிர்வாகம் சட்டத்தைக் காட்டித் தடுத்தது. உடனே சொந்த மோட்டார் வைத்திருந்தவர்கள் முறைபோட்டு ஆட்களை ஏற்றி இறக்கினார்கள். பஸ் கம்பெனியின் பிரயாணிகளில் முக்கால் பங்கு கறுப்பு மக்கள், அவர்கள் இல்லாமல் பஸ் ஓடிப் பயனென்ன? 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தனி இருக்கைச் சட்டம் செல்லாது என்றது. டிசம்பரில் எல்லாரும் எங்கும் உட்கார்ந்தார்கள்.

ஆனால் வியாபாரிகளாகிய நாம் அதிகம் கவனிக்க வேண்டியது பஸ்ஸை அல்ல, கடையை. 1960 பிப்ரவரி முதல் தேதி கிரீன்ஸ்பரோ என்ற ஊரில் நான்கு கல்லூரி மாணவர்கள் வுல்வொர்த் என்ற பெரிய கடைக்குள் போனார்கள். பற்பசை முதலிய சில்லறைச் சாமான் வாங்கினார்கள். பணத்தைக் கொடுத்து ரசீதையும் வாங்கிக்கொண்டார்கள். பிறகு அதே கடையின் சாப்பாட்டு மேடையில் போய் உட்கார்ந்து காப்பி கேட்டார்கள். அங்கே வெள்ளையர் மட்டுமே உட்காரலாம். கொடுக்க முடியாது என்று பதில் வந்தது. அந்த மேடையில் எங்கள் காசு செல்லுபடியானால் இந்த மேடையில் ஏன் செல்லாது என்பதே அவர்களுடைய கேள்வி. அதற்குக் கடைக்காரரிடம் பதில் இல்லை. கல் எறியவில்லை, கத்தவில்லை, கடை மூடும்வரை உட்கார்ந்திருந்தார்கள். மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள். வியாபாரம் படுத்தது. அவ்வாண்டு ஜூலை 25ஆம் தேதி கடை இறங்கி வந்தது. அன்று அந்த மேடையில் முதன்முதலாக உட்கார்ந்து சாப்பிட்ட கறுப்பர்கள் அதே கடையில் வேலை பார்த்தவர்கள். ஆண்டுக்கணக்கில் அங்கே உழைத்தும் அன்றுவரை உட்கார உரிமையில்லாதிருந்தவர்கள்.

அடுத்ததாக ஒரு வழக்கு. இதை நம் சாப்பாட்டுக் கடைச் சகோதரர்கள் நிதானமாய்ப் படிக்க வேண்டும். 1964 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்காவில் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. ஓட்டலிலும் சாப்பாட்டுக் கடையிலும் சினிமாக் கொட்டகையிலும் நிறம் பார்த்து ஆளை விலக்கக்கூடாது என்று அது கூறியது. பர்மிங்ஹாமில் ஒல்லி மெக்லங் என்பவருடைய குடும்பத்தார் சுட்ட இறைச்சிக் கடை நடத்தினார்கள். வெள்ளையருக்கு உள்ளே மேசை, கறுப்பருக்குப் பொட்டலம் மட்டும். வேலையாட்களில் மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர்! சமைப்பதும் பரிமாறுவதும் அவர்கள் கை, உட்கார மட்டும் இடமில்லை. கடை என்னுடையது, யாரை உட்கார வைப்பது என்பது என் இஷ்டம், உள்ளூரில் வாங்கி உள்ளூரில் விற்கிற சிறு வியாபாரி என்னை மத்திய சர்க்கார் கேட்க என்ன இருக்கிறது என்று அவர் வழக்காடினார். உண்மையைச் சொன்னால், இந்த வாதம் எந்தக் கடைக்காரர் காதுக்கும் கொஞ்சம் இனிக்கத்தான் செய்யும். நமக்கும் "என் கடை, என் இஷ்டம்" என்று சொல்லத் தோன்றும் நாட்கள் உண்டு.

நீதிமன்றம் அவருடைய கொள்முதல் கணக்கை எடுத்துப் பார்த்தது. அவர் வாங்கிய சரக்கில் ஏறக்குறைய பாதி வெளிமாநிலத்திலிருந்து வந்த இறைச்சி. ஊருக்கு வெளியிலிருந்து வரும் சரக்கால் பிழைக்கும் கடை, ஊர்ப் பொதுச் சட்டத்துக்கு வெளியே நிற்க முடியாது என்று 1964 டிசம்பர் 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவரும் கறுப்பர்களை உட்கார வைத்துப் பரிமாறினார். கடை மூழ்கிவிடவில்லை, பின்னும் பல ஆண்டுகள் நடந்தது. கறுப்பரைப் பக்கத்தில் உட்கார வைத்தால் வாடிக்கை போய்விடும் என்று அவர் பயந்த பயம்தான் பொய்யாயிற்று.

இந்தியாவில் இதே விஷயம் முன்னதாகவே சட்டத்தில் ஏறிவிட்டது. 1950 ஜனவரி 26 முதல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தில், கடை, சாப்பாட்டுக் கடை, கிணறு, குளம் இவற்றில் எவரையும் சாதி, மதம் பார்த்துத் தடுக்கக்கூடாது என்று இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம், பொதுச் சாப்பாட்டுக் கடையில் வைத்திருக்கும் பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் ஒருவரைத் தடுப்பதையும் குற்றமாக்கியது. 1976இல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் தேநீர்க்கடை இரட்டைக் குவளை ஒழியப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்தபோது, திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற தீண்டத்தகாதவர் என்று அவரை அறிமுகம் செய்துவைத்தார்களாம். முதலில் சற்று மனம் துணுக்குற்றதாகவும், பிறகு யோசித்து, ஆம், அது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இனி நம் கடைகளைப் பற்றி. நம் முன்னோர் கடைகளில் எல்லாரும் ஒரே பலகையில் சமமாய் உட்கார்ந்தார்கள் என்று எழுதி மார்தட்டிக்கொள்ள எனக்கும் ஆசைதான். பெரும்பாலும் அது உண்மையும்கூட. தோட்டத்து ஆள் என்று தெரிந்தும் கூசாமல் உட்கார்ந்து தேநீர் குடித்த இடம் பாய் கடை என்று வயதான தொழிலாளிகள் இன்றும் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் வேறு விதமாகவும் கேட்டிருக்கிறேன். கிராணி வந்தால் நாற்காலி, தோட்டத்து ஆள் வந்தால் வாசல் பெஞ்சு. கிராணிக்கு "வாங்க", தொழிலாளிக்கு "என்னா வேணும்". சம்பள நாளன்று அவன் கையில் காசு இருக்கும்போது மட்டும் குரல் மாறும். இதை எழுதக்கூடாது என்று சிலர் நினைப்பார்கள். நம் பத்திரிகையை நாமே படிக்கிறோம், நமக்குள்தானே பேசிக்கொள்கிறோம்?

தோட்டத்து நிலைமை பிறகு எவ்வளவோ மாறிற்று. 1954இல் மாநிலவாரியாய் இருந்த சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உண்டாயிற்று. சம்பளம் பேசித் தீர்க்கப்படும் காலம் வந்தது. சைக்கிளிலிருந்து இறங்கும் வழக்கம் இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னாலும் நம்பமாட்டார்கள். மலாக்காவின் தோட்டங்களில் பல செம்பனையாகவும், பல தாமான்களாகவும் மாறிவிட்டன. லயத்துப் பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் விட்ட வேலைக்கு இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். நம் கடைகளுக்கோ இராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் பையன்கள் வருகிறார்கள்.

1941ஆம் ஆண்டுக் கிள்ளான் பட்டியலை இந்தப் பையன்களை நினைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். பத்து, பன்னிரண்டு மணி நேர வேலை. உறவினரும் நண்பரும் வந்து பார்க்கச் சுதந்திரம். கடைக்கு மேல்மாடியில் பையன்களைத் தங்கவைத்து, வெளியாள் வரக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டிய இடங்கள் உண்டா இல்லையா? குறையைச் சொன்னவனைப் பழிவாங்கக் கூடாது. அடுத்த பர்மிட் போடமாட்டேன் என்று மிரட்டுவதற்கு வேறென்ன பெயர்? குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 வெள்ளி என்று சட்டம் இருக்கிறது. தங்குமிடத்துக்கும் தனிச் சட்டம் இருக்கிறது. அவற்றைப் பற்றிச் சங்கக் கூட்டங்களில் நம்மவர்கள் பேசுகிறார்கள். பாஸ்போர்ட்டைப் பற்றி மட்டும் பேச்சு எழும்போது கூட்டம் கொஞ்சம் அமைதியாகிவிடும்.

பிறருடைய பாஸ்போர்ட்டைத் தன் வசம் வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். இது நேற்று வந்த சட்டமல்ல, நம்மில் பலர் பிறக்கும் முன் வந்தது. ஆனால் ஏஜெண்டுக்கும் லெவிக்கும் அவ்வளவு பணம் கட்டி அழைத்து வருகிறோமே, பையன் ஓடிவிட்டால் யார் பொறுப்பு என்று கேட்கிறார்கள். நியாயமான கவலைதான், பணம் போட்டவனுக்குத்தான் அந்த வலி தெரியும். என் பாட்டனாரும் இதே மாதிரிக் கணக்குப் பார்த்தவர்தாம் என்று முன்னே எழுதினேன். ஆனால் அவர் கணக்குப் பார்த்து வளைத்தது தம் முதுகைத்தான், இங்கே வளைவது இன்னொருவன் முதுகு. மேலும் ஓடுகிறவன் பாஸ்போர்ட் இல்லாமலும் ஓடுகிறான் என்பது கடைக்காரர்களாகிய நமக்கு நன்றாகத் தெரியும். அப்படி ஓடியவன்தான் பிடிபட்டுத் தடுப்பு முகாமில் கிடக்கிறான்.

எனக்குத் தெரிந்த ஒரு கடையில் வேறு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் இருப்பது போன்ற இரும்பு அலமாரி ஒன்றைப் பையன்கள் தங்கும் அறையில் வைத்து, ஆளுக்கு ஒரு அறையும் ஒரு சாவியும் கொடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீது, எல்லாம் அதில். சாவி பையனிடம், முதலாளியிடம் மறு சாவி கிடையாது. இரண்டு வருஷமாயிற்று. ஒருவன் போய்விட்டான், மற்ற ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒருவன் போனதைச் சொல்லாமல் விட்டால் நான் சரக்கைக் குறைத்து நிறுத்தவன் ஆவேன், ஆகையால் அதையும் எழுதிவிட்டேன். அலமாரி விலை விசாரிக்க விரும்புகிறவர்கள் கடைக்கு வந்தால் சொல்லுகிறேன்.